ஒரே படத்தைக் கட்டம் கட்டமாக அடுக்க: போட்டோஷொப், கிம்ப், இன்க்ஸ்கேப் பாவித்த அனுபவம்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் சின்னக் கொமியூனிகேஷன் கடை எங்களுடையது. போட்டோ கொப்பி, ஸ்கேன் எல்லாம் இருந்தாலும் முக்கால்வாசி நேரம் கம்பியூட்டரில் நடப்பது ஒரே வேலைதான். ஒரு படத்தை ஒரு தாளில் பல தடவை அடுக்கி அடித்து வெட்டிக் கொடுப்பது. விசாப் படம், பாடசாலை அனுமதிக்கான படம், மிளகாய்த்தூள் பைக்கு ஒட்டும் லேபிள், கலியாண வீட்டுத் தாம்பூலப் பைக்கு மாப்பிள்ளை பொம்பிளை பெயர் போட்ட ஸ்டிக்கர் என்று எதை எடுத்தாலும் கடைசியில் அடுக்குவதுதான். (கடவுச்சீட்டுப் படம் மட்டும் இதில் இல்லை. அதை அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும்.)

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுக்குவது எல்லாவற்றிலும் ஒரு நிமிட வேலைதான், அதில் பெரிய வித்தியாசம் கிடையாது. அடுக்கி முடித்ததில் ஒரு எழுத்தை மாற்றச் சொல்லி ஆள் திரும்பி வந்தால் என்ன பாடு படுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

போட்டோஷொப்பில் எல்லாருக்கும் தெரிந்த வழி பேட்டர்ன், அதாவது படத்தை ஓடு பதிப்பது போலத் திரும்பத் திரும்பப் பதிப்பது. 35க்கு 45 மில்லிமீற்றர் படம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413க்கு 531 பிக்சல் வரும். 4க்கு 6 அங்குலத் தாளைக் கிடையாகப் போட்டால் 1800க்கு 1200. இனி படத்தின் கான்வஸ் சைஸை மட்டும் வெள்ளைப் பின்னணியோடு 450க்கு 600 ஆக்கி, எடிட் மெனுவில் டிஃபைன் பேட்டர்ன் கொடுத்து, வெறும் தாளை ஃபில் கொடுத்து நிரப்பினால் குறுக்கே நான்கு, கீழே இரண்டு என்று எட்டுப் படமும் மிச்சம் மீதி இல்லாமல் உட்காரும், நடுவில் வெட்டுவதற்குக் குறுக்கே 3 மில்லிமீற்றர், கீழே கிட்டத்தட்ட 6 மில்லிமீற்றர் இடைவெளியும் கிடைக்கும். தாளின் இடது மேல் மூலையில் இருந்துதான் பேட்டர்ன் எண்ணப்படும், ஆகவே நடுவில் ஒரு பகுதியை மட்டும் செலக்ட் பண்ணி நிரப்பப் போனால் முதல் படமே பாதி முகத்தோடு வரும். முழுத் தாளையும் நிரப்புங்கள், வேண்டாததை அழியுங்கள்.

அமெரிக்க விசாவுக்குக் கேட்கும் 2க்கு 2 அங்குலப் படத்துக்கு இந்தக் கணக்கு சரிவராது. ஆறு படம் தாளை முழுக்க அடைத்துவிடும், இடைவெளிக்கு ஒரு மயிரிழை இருக்காது. அதுவும் பார்டர்லெஸ் பிரின்ட் கொடுத்தால், ஓரம் வெள்ளையாக விடுபடாமல் இருக்க பிரின்டர் படத்தைக் கொஞ்சம் பெருப்பித்து அடிக்கும், அளவு போய்விடும். அப்படிப் படங்களை நான் ஏ4 தாளில் இடைவெளி விட்டு, சுற்றிவர மெல்லிய சாம்பல் கோடு போட்டுத்தான் அடிப்பது. வெள்ளைப் பின்னணிப் படத்தை வெள்ளைத் தாளில் கோடில்லாமல் வெட்டிப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

சரி, பேட்டர்னின் குறை என்னவென்றால் நிரப்பிய பிறகு அது வெறும் பிக்சல். முகத்தில் வெளிச்சம் கூட்ட வேண்டும் என்றால் தொடக்கத்தில் இருந்து வர வேண்டும். இதற்கு படத்தை ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் (கொப்பிகள் எல்லாம் ஒரே மூலத்தோடு தொடர்பில் இருக்கும் லேயர்) ஆக்கி, ஒரு தடவை ஃப்ரீ ட்ரான்ஸ்ஃபோமில் (கொன்ட்ரோல், டி) நகர்த்திவிட்டு கொன்ட்ரோல், ஓல்ட், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்து டி அடிக்க அடிக்க அதே தூரத்தில் கொப்பி விழும். பிறகு ஒன்றைத் திறந்து திருத்தினால் எல்லாம் மாறும். லேயரில் வலது கிளிக் பண்ணும்போது வரும் 'நியூ ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் வியா கொப்பி' என்பதை மட்டும் தொடாதீர்கள், அது தொடர்பை அறுத்துவிடும்.

கிம்ப் எங்கள் கடைக்கு வந்தது 2022இல். அந்த மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு, கடதாசித் தட்டுப்பாட்டில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன காலம். பற்றரியில் ஓடும் பழைய லாப்டொப்பில் போட்டோஷொப்பைத் திறந்து வைத்திருக்க வழியில்லை. கிம்பில் ஃபில்டர்ஸ், மேப், டைல் என்று போய் கடைசி அளவைக் கொடுத்தால் போதும், அது தானே நிரப்பிக்கொள்ளும். அகலம் உயரத்துக்கு நடுவில் இருக்கும் சங்கிலியைக் கழற்றிவிட மறக்க வேண்டாம். பக்கத்தில் 'ஸ்மால் டைல்ஸ்' என்று ஒன்று இருக்கிறது, அது வேறு, படத்தைச் சுருக்கி அதே அளவுக்குள் அடைக்கும். இலவசம், பாரமில்லை, விசாப் படத்துக்குத் தாராளமாகப் போதும். 2025 மார்ச்சில் 3.0 வந்த பிறகும் டைல் பண்ணிய பின் கிடைப்பது வெறும் பிக்சல்தான்.

லேபிளுக்கு இதெல்லாம் சரிவராது என்று என்னைத் திருப்பியது ஒரு அக்கா. வீட்டில் சரக்குத்தூள் இடித்து விற்பவர். "தம்பி, விலை ஏறிட்டுது, அதை மட்டும் மாத்தித் தாங்கோ" என்று அடிக்கடி வருவார், விலை முடிந்தால் திகதி, திகதி முடிந்தால் போன் நம்பர். அவருக்காகத்தான் இன்க்ஸ்கேப்புக்கு மாறினேன். அதில் குளோன் என்றால் மூலத்தோடு தொடர்பு அறாத கொப்பி. இன்க்ஸ்கேப்பில் எடிட், குளோன், 'கிரியேட் டைல்ட் குளோன்ஸ்' திறந்து எத்தனை வரிசை, எத்தனை நிரல் என்று கொடுத்து, ஷிஃப்ட் பகுதியில் இடைவெளியைச் சதவீதத்தில் போட்டால் தாள் நிறைந்துவிடும். மூலத்தில் விலையை மாற்றினால் அத்தனை லேபிளிலும் கண்முன்னே மாறும். அக்கா கதிரையில் இருக்க முன்பே பிரின்ட் வெளியே வந்துவிடும்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. முதல் குளோன் மூலத்தின் மேலேயே போய் ஏறி நிற்கும், அதாவது அந்த இடத்தில் இரண்டு இருக்கும். பின்னணி இல்லாத லேபிள் என்றால் அந்த ஒன்றின் எழுத்து மட்டும் கொஞ்சம் தடிப்பாக விழும். அடுக்கி முடிந்ததும் அந்த முதல் குளோனை அழித்துவிட்டால் சரி, மூலமே அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். படத்தை உள்ளே எடுக்கும்போது லிங்க் வேண்டாம், எம்பெட் கொடுங்கள், இல்லாவிட்டால் பென் ட்ரைவில் கொண்டுபோய் வேறிடத்தில் திறக்கும்போது படம் காணாமல் போயிருக்கும். பாமினியில் (யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு) அடித்த எழுத்து என்றால் ஒப்ஜெக்ட் டு பாத் கொடுத்து எழுத்தை வெறும் வடிவமாக்கிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் திறந்தால் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்தாகக் கொட்டும்.

எதில் செய்தாலும் பிரின்ட் கொடுக்கும் இடத்தில் 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் பட்ட பாடெல்லாம் வீண். 'அக்சுவல் சைஸ்' போட்டு, சாதாரணத் தாளில் ஒன்று அடித்து அடிமட்டம் வைத்துப் பாருங்கள், 45 மில்லிமீற்றர் 45ஆகவே இருக்கிறதா என்று. புறக்கோட்டை மலிபன் வீதியில் பக்கெட்டாக வாங்கினாலும் போட்டோ பேப்பர் மலிவில்லை.

இப்போது முகத்தைத் திருத்துவது போட்டோஷொப்பில், அடுக்குவது அநேகமாக இன்க்ஸ்கேப்பில் என்று ஆகிவிட்டது. பெரிய போட்டோவை நிறையக் குளோன் பண்ணினால் இன்க்ஸ்கேப் திரையை நகர்த்தவே திணறும், அந்த இடத்தில் இன்னமும் கிம்ப்தான். கோரல்ட்ரோ வைத்திருப்பவர்கள் இவ்வளவு அலைய வேண்டாம், ஸ்டெப் அன்ட் ரிபீட்டில் முதலில் குறுக்கே ஒரு வரிசை, பிறகு அந்த வரிசையை அப்படியே கீழே இறக்கினால் முடிந்தது. ஆனால் அது போடுவது தனித்தனிக் கொப்பி, விலை மாறினால் திரும்ப அடுக்க வேண்டியதுதான்.