1,497 டாலர் கொடுத்து ஹாட் ஷாட் தொழில் தொடங்கினேன்: பேக்கேஜ் எப்படி?

பிக்கப் வண்டி ஒன்று, பின்னால் ஒரு டிரெய்லர், அவ்வளவு இருந்தால் போதும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன ஒரு ஆன்லைன் கம்பெனியின் "ஹாட் ஷாட் ஸ்டார்ட்டர் பேக்கேஜ்" வாங்கி ஓராண்டு ஆகிறது. பெயர் சொல்லப் போவதில்லை, இதே மாதிரி பத்துப் பேர் விற்கிறார்கள். 38 வீடியோ, அரசுப் பதிவுகளை அவர்களே செய்து தருவது, மூன்று மாதம் லோடு பிடித்துத் தரும் டிஸ்பேச்சர். இதுதான் 1,497 டாலருக்கு வருவது. நான் இருப்பது ஹூஸ்டன், கையில் கிரீன் கார்டு. எச்1பி விசாவில் இருப்பவர்கள் இதைப் பக்கத் தொழிலாக ஓட்டலாம் என்று கனவு காண வேண்டாம், விசா அதற்கு இடம் கொடுக்காது.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பெரிய 18 சக்கர லாரி நிறையும் வரை காத்திருக்க முடியாத அவசரச் சரக்கை, பிக்கப்பில் டிரெய்லர் மாட்டி உடனே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஹாட் ஷாட். டெக்சாஸ் எண்ணெய்க் கிணறுகளுக்கு உதிரிபாகம் ஓட்டியவர்களிடமிருந்து வளர்ந்த தொழில்.

முதலில் பதிவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அது இங்கே அப்படியே பொருந்தும். லாரித் தொழிலைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவின் தளத்தில் டிஓடி எண், அதாவது கம்பெனிக்கான அடையாள எண், இலவசம். வாடகைக்குச் சரக்கு ஏற்றும் அனுமதிக்கு 300 டாலர். மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுபவர்கள் கட்டும் யுசிஆர் பதிவின் ஆண்டுக் கட்டணம் 2025-ல் இரண்டு வண்டி வரைக்கும் 46 டாலர். நம் சார்பில் வழக்கு நோட்டீஸ் வாங்கிக்கொள்ள ஆளைக் குறிக்கும் பிஓசி-3 என்ற படிவத்தை ஒரு ஏஜென்ட் வழியாகப் போட வேண்டும், அதுவும் பெரிய செலவில்லை. இத்தனையையும் ஒரு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து நீங்களே முடித்துவிடலாம். ஆனால் ஒன்று: எண் வந்த மறுநாளிலிருந்து போன் நிற்காது. இன்சூரன்ஸ், கடன், "உங்கள் பதிவு காலாவதியாகிறது" என்று அரசு முத்திரை மாதிரி அச்சடித்த கடிதங்கள். அதில் ஒன்றுக்கு என் மனைவி காசோலையே எழுதிவிட்டாள், உறையை ஒட்டுவதற்குள் பார்த்துவிட்டேன். பேக்கேஜில் இதைப்பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது ஏழாவது வீடியோவில். "சிடிஎல் (கனரக வணிக வாகனம் ஓட்டும்) லைசென்ஸ் தேவையில்லாத செட்டப்" என்று காட்டுகிறார்கள்: வண்டியின் மொத்த எடைத் தகுதி, அதாவது சொந்த எடையும் சரக்கும் சேர்த்துத் தயாரிப்பாளர் குறித்த உச்ச அளவு, 14,000 பவுண்டு, டிரெய்லருக்கும் 14,000. கூட்டிப் பாருங்கள், 28,000. டிரெய்லரின் தகுதி 10,000-க்கு மேல் இருந்து, இரண்டும் சேர்ந்து 26,000-ஐத் தாண்டினால் கிளாஸ் ஏ சிடிஎல் கட்டாயம். கதவோரத்திலும் டிரெய்லர் சட்டத்திலும் ஒட்டியிருக்கிற தகட்டில் உள்ள எண்ணைத்தான் பார்ப்பார்கள், டிரெய்லர் காலியாக இருக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. நான் பயந்துபோய் 12,000 பவுண்டுத் தகுதியுள்ள கூஸ்நெக், அதாவது பிக்கப்பின் தொட்டிக்குள் மாட்டும் டிரெய்லர், வாங்கினேன். சட்டப்படி சரி, ஆனால் டிரெய்லரின் சொந்த எடை போக ஏற்றுவதற்கு மிஞ்சுவது ஆறாயிரம் சொச்சம்தான், லோடுகளைப் பட்டியலிடும் ஆன்லைன் லோடு போர்டில் பாதிக்கு மேல் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி. நாலாவது மாதம் சிடிஎல் வாங்கினேன். 2022 பிப்ரவரியிலிருந்து முதல்முறை வாங்குபவர்கள் பதிவுபெற்ற பயிற்சி நிலையத்தில் படித்தாக வேண்டும், அதற்குத் தனிச் செலவு. பிறகு பெரிய டிரெய்லர், அதோடு ஐஎஃப்டிஏ எரிபொருள் வரிக் கணக்கு, போதைமருந்துப் பரிசோதனைக் குழுவில் சேர்வது என்று வால் நீண்டது. முதலிலேயே சிடிஎல் வாங்கியிருந்தால் ஒரு டிரெய்லர் காசு மிச்சம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். சரக்கைக் கட்டுவது பற்றிய ஐந்து வீடியோக்கள் அருமை. பேசுபவர் திறந்த தட்டையான டிரெய்லர் ஓட்டிய பழைய ஃப்ளாட்பெட் டிரைவர் போல, அலட்டல் இல்லை. பட்டைகளின் மொத்தத் தாங்குதிறன் சரக்கு எடையில் குறைந்தது பாதி இருக்க வேண்டும், முன்பக்கம் தடுப்பு இல்லையென்றால் முதல் பத்தடிக்கு இரண்டு கட்டு, அதற்கு மேல் ஒவ்வொரு பத்தடிக்கும், மிச்சம் அதற்குக் குறைவாக இருந்தாலும், ஒன்று. அப்படியானால் 24 அடிக் குழாய்க்கு எடை எவ்வளவானாலும் குறைந்தது நாலு கட்டு. புறப்பட்ட முதல் 50 மைலுக்குள் நிறுத்திப் பார்த்து, தளர்ந்திருந்தால் மறுபடி இறுக்க வேண்டும் என்பதும் விதிதான். முதல்முறை நிறுத்திப் பார்த்தபோது ஒரு பட்டை கை விட்டால் ஆடுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. இந்த ஐந்து வீடியோவை மட்டும் தனியாக 100 டாலருக்கு விற்றால் நானே நாலு பேரை வாங்கச் சொல்வேன்.

அப்புறம் டிஸ்பேச்சர். "மைலுக்கு இரண்டு டாலர் அண்ணா, விடாதீங்க" என்கிற தொனியில் ஆங்கிலத்தில் பேசுவார், தினமும். முதல் பெரிய லோடு ஹூஸ்டனிலிருந்து ஒடெஸா, சுமார் 500 மைல், 1,000 டாலர். சந்தோஷமாகப் போனேன். ரிட்டன் லோடு? "பார்க்கிறேன்" என்றவர் பார்த்துக்கொண்டே இருந்தார், காலி டிரெய்லரோடு திரும்பினேன். ஓடியது ஆயிரம் மைல், ஆக மைலுக்கு ஒரு டாலர். டீசல் 350. டிஸ்பேச்சருக்கு பத்து சதவீதம், 100. சரக்குக்காரருக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் புரோக்கர் 30 நாள் கழித்துத்தான் பணம் தருவார் என்பதால் பில்லை வாங்கிக்கொண்டு உடனே காசு தரும் ஃபேக்டரிங் கம்பெனிக்கு 30. இரண்டு நாள் இன்சூரன்ஸ் 92. டயருக்கும் ஆயிலுக்கும் மைலுக்கு 15 சென்ட் எடுத்து வைத்தால் 150. மிச்சம் 278 டாலர், அதிலும் வண்டித் தவணை கழிக்கவில்லை, சுயதொழில் வரி வேறு இருக்கிறது. டிஸ்பேச்சருக்கோ நான் காலியாக வந்தாலும் அந்த நூறு டாலர் வந்துவிட்டது. அவருக்கும் எனக்கும் நோக்கம் வேறு என்பது புரிய எனக்கு ஆறு வாரம் ஆனது. இப்போதெல்லாம் போகவர மொத்த மைலால் வகுக்காமல் எந்த லோடுக்கும் சரி சொல்வதில்லை.

இன்சூரன்ஸ் பற்றி வீடியோவில் "மாதம் 600 டாலர் அளவில்" என்றார்கள். எனக்கு முதல் ஆண்டுக்கு வந்த தொகை 16,800. என் எடை வண்டிக்குச் சட்டம் கேட்பது 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு, ஆனால் நான் பேசிய புரோக்கர்கள் எல்லோரும் பத்து லட்சமும் சரக்குக்கு ஒரு லட்சமும் கேட்டார்கள். அதைக் கட்டிவிட்டு உட்கார்ந்தால், "உங்கள் அனுமதிக்கு 90 நாள் ஆகட்டும், பிறகு கூப்பிடுங்கள்" என்று பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள். மூன்று மாதம் வருமானம் இல்லாமல் தவணை கட்டக் கையில் பணம் இல்லாதவர்கள் இதில் இறங்கவே கூடாது.

ஏழாவது மாதம் பாதுகாப்புத் தணிக்கை வந்தது. புதிதாக வந்த எல்லோருக்கும் உண்டு. முதலாளியும் நானே, டிரைவரும் நானே, இருந்தாலும் நான் எனக்கே வேலைக்கு விண்ணப்பம் எழுதி, மருத்துவச் சான்றிதழோடு ஃபைலில் வைத்திருக்க வேண்டும். பேக்கேஜில் இதற்கு நாலு நிமிட வீடியோ ஒன்றுதான், அதிலும் இரண்டு நிமிடம் அடுத்த பேக்கேஜுக்கு விளம்பரம். எஃப்எம்சிஎஸ்ஏ தளத்தில் இலவசமாகக் கிடக்கிற வழிகாட்டியை வைத்துத்தான் தேறினேன்.

பாதிப் பணமாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, வீடியோக்களில் 60 சதவீதம் பார்த்துவிட்டீர்கள், முடியாது என்று பதில் வந்தது. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் அந்தச் சரக்குக் கட்டும் மனிதருக்கு.

இப்போது எனக்கு வாரம் இரண்டு முறை நேரடியாக அழைப்பது ஒரு குழாய்க் கிடங்குக்காரர். டிஸ்பேச்சர் பிடித்த லோடு ஒன்றை அங்கே ஏற்றும்போது நான் பட்டையைக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், கிளம்பும்போது அட்டை கேட்டார். என்னிடம் அட்டை இல்லை, பில்லின் பின்பக்கம் எண் எழுதிக் கொடுத்தேன். டிஸ்பேச்சரிடமிருந்து இன்னும் குறுஞ்செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. நேற்று வந்தது: ஒடெஸா, 1,000 டாலர்.