மொட்டை மாடி சோலார் 3 கிலோவாட்: வடகம் பிழியவும் இடம் உண்டு

அம்மாப்பேட்டையில் எங்கள் மாடியில் ஆன்கிரிட் சோலார் (மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுவது) போட்டு ஒரு கோடை முழுசாகப் போய்விட்டது. நாங்களும் போடலாமா என்று தெருவில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போடுங்கள். ஆனால் விலைப் பட்டியலுக்கு முன்னால் ஸ்ட்ரக்சரைப் பற்றி, அதாவது பேனலைத் தாங்கும் சட்டத்தைப் பற்றிப் பேசுங்கள்.

பொதுவாக முழங்கால் உயரத்தில் பேனலைச் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். "அப்போ வடகம் எங்கடி பிழியறது?" என்று மாமியார் கேட்ட பிறகுதான் ஜிஐ பைப்பில் எட்டடி உயர்த்தித் தரச் சொன்னோம். செலவு கூடத்தான் செய்தது. இப்போது பேனலுக்கு அடியில் துணி, ஓரத்தில் வெயில் விழும் இடத்தில் மோர் மிளகாய், வடகம். தளத்தில் நேரடி வெயில் படாததால் கீழ் அறையில் மதியம் அனல் குறைந்திருக்கிறது. கோடை மழைக்கு முன் அடிக்கிற காற்று நமக்குத் தெரியும்தானே, அதனால் கால்களுக்குக் கான்கிரீட் மேடை கட்டாமல் விடாதீர்கள்.

ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்குச் சுமார் 4 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 3 கிலோவாட்டில் 700 யூனிட் பக்கம் கிடைக்கும். வீட்டில் ஏசி இருந்தால் இதன் அருமை புரியும். 500 யூனிட்டை ஒன்று தாண்டினாலும் கீழ்ப்படி யூனிட்டுக்கான விலையும் சேர்ந்து ஏறிவிடுகிறதே! அந்தப் பயம் எங்களுக்கு இப்போது இல்லை. மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு ரயிலில் வருகிற நிலக்கரியில் நம் வீட்டுப் பங்கும் கொஞ்சம் குறையும்.

மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் மானியம் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக 78,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். முதலில் வந்த ஆள் மலிவாக ஒரு விலை சொன்னார். துருவிக் கேட்டதும் அது டிசிஆர் (செல்லும் பேனலும் இந்தியாவிலேயே செய்த) பேனல் இல்லை என்று தெரிந்தது. இந்தியாவில் செய்த செல் இல்லாத பேனலுக்கு மானியம் கிடையாது. அவரை அப்படியே அனுப்பிவிட்டோம்.

குறை என்றால், கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்தும் நாளில், உச்சி வெயிலில் பேனல் பளபளக்க, வீட்டில் மிக்ஸி ஓடாது. கம்பியில் கை வைக்கும் லைன்மேனுக்கு ஆபத்து வரக்கூடாது என்றுதான் இன்வெர்ட்டர் தானே அணைகிறது, நியாயம்தான். பேட்டரி வைத்தால் ஓடும், விலைதான் எகிறும். நாங்கள் பழைய யுபிஎஸ்ஸை அப்படியே வைத்துக்கொண்டோம்.

நெட் மீட்டர் (நாம் இழுப்பதையும் வெளியே அனுப்புவதையும் தனித்தனியே கணக்கு வைக்கும் மீட்டர்) மாட்டும் வரை சோலாரை ஓட விடாதீர்கள். சில சாதா மீட்டர்கள் வெளியே போகிற கரண்ட்டையும் நாம் இழுத்ததாக ஏற்றிவிடும்.

பேனலைக் கழுவ போர் தண்ணீர் வேண்டாம், நம் ஊர் உப்புக்கு வெள்ளைத் திட்டு படியும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் எடுத்து வைத்து, வெயில் ஏறும் முன் துடைத்துவிடுங்கள்.