ஜாக்சன் நூலகத்தில் தேதியும் நேரமும்: ஒரு மதிப்புரை

ஜாவா நிரல்மொழியில் ஜேசான் (நிரல்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் உரை வடிவம்) தரவை எழுதவும் படிக்கவும் பலரும் நாடுவது ஜாக்சன் என்னும் ஆயத்த நிரல்தொகுப்பை, அதாவது நூலகத்தைத்தான். எண், சரம் (எழுத்துத் தொடர்), பட்டியல் ஆகியவற்றை அது கையாளும் விதத்தில் எனக்குக் குறை இல்லை. தேதி, நேரம் என்று வரும்போதுதான் அதன் போக்குப் பிடிபட நாளாகிறது. 2-ஆம் வரிசைப் பதிப்புகளில் வேலை செய்த அனுபவத்தைக் கொண்டு அந்தப் பகுதியை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

2014-இல் ஜாவா 8 உடன் வந்த லோக்கல்டேட் (நேரமில்லாத தேதி), இன்ஸ்டன்ட் (காலத்தில் ஒரு கணம்) முதலிய வகைகளை ஜாக்சன் 2 தானாக அறியாது. ஜாவாடைம்மாட்யூல் என்ற துணைப்பகுதியைத் தனியாகச் சேர்த்து, ஜேசானாக மாற்றும் வேலையைச் செய்யும் ஆப்ஜெக்ட்மேப்பரில் பதிவு செய்ய வேண்டும். மறந்துவிட்டால், 2.12-க்கு முந்தைய பதிப்புகள் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஆண்டு, மாதம், கிழமை என்று உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடும். 2.12 முதல் எக்ஸெப்ஷன், அதாவது வேலையை நிறுத்தும் பிழை, எழுகிறது. எந்த மாட்யூலைச் சேர்க்க வேண்டும் என்பதை அந்தப் பிழைச்செய்தியே சொல்லிவிடுவது பாராட்டத்தக்கது.

மாட்யூலைச் சேர்த்த பிறகு வருவதுதான் விசித்திரம். 2024 ஆகஸ்ட் 15 என்ற லோக்கல்டேட், நாம் எதையும் மாற்றாவிட்டால், [2024,8,15] என்ற வரிசையாக வெளிவருகிறது. தேதியோடு நேரமும் கொண்ட லோக்கல்டேட்டைமில் காலை 10:30:05 என்றால் ஆறு எண்கள். சரியாக 10:30 என்றால் விநாடி பூச்சியம் என்பதால் அது விடப்பட்டு ஐந்தே எண்கள். விநாடி வரை மட்டுமே பதியும் அமைப்பில், ஆறாவது எண் எப்போதும் இருக்கும் என்று நம்பிய நிரல் ஏறக்குறைய அறுபதில் ஒரு பதிவில் இடறும். சோதனையில் அது கண்ணில் படாமலே போகலாம். அந்த எண்களை ஜாவாஸ்கிரிப்ட்டின் டேட்டுக்கு அப்படியே கொடுத்தால், அங்கே மாதங்கள் பூச்சியத்தில் தொடங்குவதால், ஆகஸ்ட் செப்டம்பராகிவிடும்.

இன்ஸ்டன்ட் வகை வேறு கதை. இந்திய நேரப்படி அதே நாள் காலை 5:30-ஐ அது 1723680000.000000000 என்று, 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடிக் கணக்கில் எழுதுகிறது. பழைய யூட்டில் டேட் வகையோ அதே கணத்தை 1723680000000 என்று மில்லி விநாடியில் எழுதுகிறது. ஒரு புலத்தின் வகையைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றியவர் பெறுநரிடம் சொல்லாவிட்டால், மில்லி விநாடி என்று படிக்கும் அந்தப் பக்கத்தில், உலகப் பொது நேரப்படி, 1970 ஜனவரி 20 தெரியும்.

'ரைட் டேட்ஸ் ஆஸ் டைம்ஸ்டாம்ப்ஸ்' என்ற அமைப்பை அணைத்தால் இவையெல்லாம் 2024-08-15 போன்ற ஐஎஸ்ஓ 8601 தர வடிவச் சரங்களாகிவிடும். ஜாவா செயலிகளுக்கான சட்டகமான ஸ்பிரிங் பூட் இதைத் தானே அணைத்துத் தருவதால், அதில் மட்டும் பழகியவர்களுக்கு நான் சொல்வது மிகையாகத் தோன்றலாம்.

நேர மண்டலத்தில் நானே சூடுபட்டிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்காக எழுதிய நிரலில் பிறந்த தேதியைப் பழைய டேட் வகையில் வைத்து, ஜேசான்ஃபார்மட் குறிப்பில் ஆண்டு-மாதம்-நாள் வடிவத்தை மட்டும் கொடுத்திருந்தேன். மண்டலம் சொல்லாவிட்டால் ஜாக்சன் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று கொள்ளும். இந்தியாவின் நள்ளிரவு அங்கே முந்தைய நாள் 18:30. எல்லோரும் ஒரு நாள் முன்னதாகப் பிறந்துவிட்டார்கள். மண்டலத்தைக் குறிப்பிட்டும் சரிசெய்யலாம்தான், ஆனால் பிறந்த நாளுக்கு ஏது மணி, ஏது மண்டலம்? லோக்கல்டேட்டுக்கு மாற்றியதே சரியான மருந்து. படிக்கும்போதும் கவனம் வேண்டும்: யுடிசியிலிருந்து +05:30 என்ற நேர வித்தியாசத்தோடு வந்த ஆஃப்செட்டேட்டைம் வகை, நாம் தடுக்காவிட்டால், யுடிசிக்கு மாற்றப்பட்டே கைக்கு வருகிறது. கணம் மாறுவதில்லை, அனுப்பியவரின் கடிகாரம் என்ன காட்டியது என்பது தொலைந்துவிடுகிறது.

2025 அக்டோபரில் வெளியான ஜாக்சன் 3.0, புதிய நேர வகைகளை மையப் பகுதியிலேயே சேர்த்துக்கொண்டு, தேதிகளைச் சரமாக எழுதுவதையே இயல்பாக்கியிருக்கிறது. புதிய திட்டத்துக்கு, ஜாவா 17 இருக்குமானால், தயங்காமல் அதையே பரிந்துரைப்பேன். பழைய திட்டத்தை உயர்த்துவோர் முதலில் பெறுநர் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. லோக்கல்டேட் வகையில் வரிசை வடிவம், சரம் இரண்டையும் ஜாக்சன் படித்துவிடும் என்பதால் ஜாவா சேவைகளுக்குச் சிக்கல் குறைவு. வரிசையைக் கையால் பிரித்துப் படிக்கும் பழைய கைபேசிச் செயலிகள் மறுநாளே நின்றுவிடும்.