பழைய பத்மினிக்கு செராமிக் கோட்டிங்: பதினாலு மாதம் கழித்து

அப்பாவின் பிரீமியர் பத்மினி, 1982 மாடல், கரும்பச்சை. அதற்குப் போன வருடம் கோவையில் வண்டியைச் சுத்தம் செய்து மெருகேற்றுகிற ஒரு டீட்டெய்லிங் கடையில் 22,000 ரூபாய் கொடுத்து, பெயிண்ட்டைக் காக்க மேலே பூசுகிற செராமிக் கோட்டிங் போட்டேன். இப்போது பதினாலு மாதம் ஆகிவிட்டது. பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் பார்க்கும்போதெல்லாம் "போடலாமா, வேண்டாமா" என்று கேட்கிறார்கள். மறுபடி பெயிண்ட் அடித்த வண்டி என்றால் போடுங்கள். கம்பெனி பெயிண்ட் அப்படியே இருக்கிற வண்டி என்றால் தயவுசெய்து வேண்டாம். இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், என் ஒரே வண்டியில் இரண்டு விதமான பெயிண்ட்டும் இருக்கிறது.

2019-ல் ஒரு லாரி முன்னால் உரசியதில் போனட்டும் இடதுபக்க முன் மட்கார்டும் டிங்கரிங் பார்த்து, பட்டி போட்டு, புதுசாகப் பெயிண்ட்டும் அதன் மேல் நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர் கோட்டும் அடிக்க வேண்டியதாகிவிட்டது. மிச்சம் இருக்கிற கூரை, டிக்கி, கதவுகள் எல்லாம் வண்டி வந்த நாளில் இருந்த அதே பெயிண்ட். அந்தப் பெயிண்ட்டின் மேல் கிளியர் கோட் கிடையாது, நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சுக்குள்ளேயே இருக்கும்.

கோட்டிங் என்பது சிலிக்கா சார்ந்த ஒரு திரவம். முழு வண்டிக்கும் சேர்த்து ஒரு சின்ன பாட்டில் போதும், காய்ந்த பிறகு அதன் கனம் ஒன்றிரண்டு மைக்ரான்தான், தலைமுடியே அறுபது எழுபது மைக்ரான் இருக்கும் என்பதை வைத்து யோசித்துப் பாருங்கள். கடைகளில் "9எச் கடினம்" என்று போர்டு வைத்திருப்பார்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கிற அளவு, ஜல்லிக்கல் பறந்து வந்து அடித்தால் எதுவும் நிற்காது. கம்பிக் கீறலும் விழத்தான் செய்யும்.

ஆனால் பழைய வண்டிக்கு ஆபத்து கோட்டிங்கில் இல்லை, அதற்கு முன்னால் நடக்கிற வேலையில் இருக்கிறது. பூச்சுக்குக் கீழே எது இருக்கிறதோ அது அப்படியே மூடப்படும் என்பதால், முதலில் கம்பவுண்டு என்கிற தேய்ப்புப் பசை போட்டு, பஃபிங் செய்து, அதாவது மிஷினால் தேய்த்து மெருகேற்றி, மங்கல், சுழல் கீறல் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். கொடுக்கிற காசில் பெரும்பகுதி இந்த உழைப்புக்குத்தான். கிளியர் கோட் இருந்தால் அதில் கொஞ்சம் தேயும், பரவாயில்லை. பழைய பெயிண்ட்டில் தேய்வது நிறமே.

அன்றைக்குக் கூடவே நின்று பார்த்தேன். வேலை செய்த பையன் நல்ல பையன், கனம் பார்க்கிற மீட்டரை முதலில் வைத்தான்: போனட்டில் 210 மைக்ரான், கூரையில் 80, பின்பக்கம் இறக்கை போல எழும்பி நிற்கிற வாலிறக்கையின் மேல் விளிம்பில் 45. "அண்ணா, இங்க ரொம்பக் கம்மியா இருக்குங்க, கையாலயே போட்டுர்றேன்" என்றான். மற்ற இடங்களில் மிஷின் ஓடியது. இரண்டே நிமிடத்தில் வெள்ளை பேட் கரும்பச்சையாகிவிட்டது. எனக்கு அடிவயிறு கலங்கியது, அது அழுக்கு இல்லை, நாற்பது வருடப் பெயிண்ட். கையால் போட்டும்கூட அந்த விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்கு பெயிண்ட்டுக்கு அடியில் இருக்கிற ரெட் ஆக்சைடு பூச்சு எட்டிப் பார்த்துவிட்டது. அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 80 மைக்ரான் என்று தெரிந்த பிறகும் "இந்தக் கூரைக்கு வேண்டாம்" என்று கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும். நானும் நிறுத்தியிருக்க வேண்டும்.

அடுத்தது கூரை. வெயில் பட்டுப் பட்டு அதில் மெல்லிய வெடிப்புகள் இருந்தன, வறண்ட குளத்து மண்ணைப் பொடியாகச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. திரவம் அந்த வெடிப்புக்குள் இறங்கிவிட்டது, துடைக்கிற துணி அங்கே எட்டவில்லை. காய்ந்ததும் வலை வலையாக வெளுத்த கோடுகள். காய்ந்த கோட்டிங்கை ஷாம்பு போட்டுக் கழுவி எடுக்க முடியாது, மறுபடி பஃபிங் செய்தால்தான் போகும், அதற்கு அங்கே பெயிண்ட் இல்லை. காலை வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் இன்றைக்கும் தெரிகிறது.

இனி போனட். அதைப் பற்றி மனசாரப் பாராட்டித்தான் சொல்ல வேண்டும். பதினாலு மாதம் கழித்தும் தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடுகிறது, தூசி ஒட்டுவது குறைந்திருக்கிறது, கழுவுகிற நேரம் பாதியாகிவிட்டது. காக்கா எச்சம் விழுந்தால் மட்டும் உடனே துடைத்துவிடுகிறேன், கோட்டிங் இருக்கிறதே என்று விட்டால் அரித்துவிடும். குரோம் பம்பரிலும் போட்டார்கள், அருமையாக நிற்கிறது.

தண்ணீர் விஷயம் ஒன்று. போர் தண்ணீரில் கழுவிவிட்டு வெயிலில் விட்டால் உருண்டு நிற்கிற ஒவ்வொரு துளியும் காய்ந்து உப்புப் பொட்டாகிறது, கோட்டிங் இல்லாத இடத்தைவிட அங்கே எடுப்பாகவே தெரிகிறது. சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளில் இரண்டு பக்கெட் பிடித்து வைத்து, நிழலில் கழுவி, உடனே துணியால் ஒற்றி எடுக்கிறேன்.

துருவுக்கு இது மருந்தே இல்லை. பத்மினியில் துரு கதவின் அடியிலும் ஃபுட்போர்டு ஓரத்திலும் உள்ளிருந்து கிளம்பும், வெளியே என்ன பூசினாலும் அது தன்பாட்டுக்குத் தின்றுகொண்டு வரும். கதவுக்கு அடியில் இருக்கிற வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள், செலவே இல்லை.

உங்கள் வண்டியில் இருப்பது எந்தப் பெயிண்ட் என்று தெரியவில்லையா? வெள்ளைப் பனியன் துணியில் துளி பாலிஷ் தொட்டு, டிக்கிக்குள் மடிப்பு ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டி நிறம் ஏறினால் கிளியர் கோட் இல்லை. புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் உடனே ஓடாதீர்கள், உள்ளே இருக்கிற தின்னர் ஆவியாக வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை விடச் சொல்வார்கள், அடித்த பெயிண்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனி பெயிண்ட்டுக்கு எங்கள் பழைய பெயிண்டர் சொன்னதுதான் சரி. "தம்பி, இது காஞ்சு கெடக்குது, இதுக்கு எண்ணெய்ப்பசைதான் வேணும், மூடி வெக்கக் கூடாது." கிளேஸ் என்கிற எண்ணெய்ச்சத்துள்ள பாலிஷை நிறையத் தடவி ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் கையால் துடைத்து, மேலே கார்னுபா மெழுகு. வலது கதவின் கீழ்ப்பாதியில் கோட்டிங் போடாமல் விட்டிருந்தார்கள், அங்கே இதைச் செய்தேன். வெளிறிப்போயிருந்த பச்சை ஆழமாகத் திரும்பியது, கூரையைவிட அந்தக் கதவு அழகாக இருக்கிறது. மெழுகு இரண்டு மாதம்கூட நிற்காது, உண்மைதான். ஷெட்டில் நிற்கிற, மாதம் நூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை.

கோட்டிங்கின் வாரண்டி மூன்று வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காசு கட்டி சர்வீஸ் விட்டால்தான் செல்லும். அடுத்த முறை போனட்டையும் மட்கார்டையும் மட்டும் தொடச் சொல்லியிருக்கிறேன். வாலிறக்கையில் தெரிந்த ரெட் ஆக்சைடு மேல் சின்ன பிரஷ்ஷால் பச்சை தொட்டு வைத்திருக்கிறேன்.