கூகுள் ஆத்தென்டிகேட்டரா, ஏஜிஸா?

போன வருடம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் என் போன் விழுந்தது. போன் போனதுகூடப் பரவாயில்லை. பதினோரு கணக்குகளில் லாகின் செய்யும்போது பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் ஆறு இலக்க எண்களும் கூடவே மூழ்கின. பேக்கப் எடுத்து வைக்காதது என் தப்புதான். ஜிமெயிலுக்கு மட்டும், அந்த எண் கிடைக்காதபோது போடும் அவசரக் கோடுகளை டைரியில் எழுதியிருந்தேன், பிழைத்தேன். மற்றவற்றை ஒவ்வொன்றாக மெயில் போட்டு மீட்க மூன்று வாரம் ஆனது.

புது போனில் இந்த எண்களைத் தரும் கூகுள் ஆத்தென்டிகேட்டர், ஏஜிஸ் இரண்டு ஆப்பையும் வைத்துப் பார்த்துவிட்டு ஏஜிஸோடு நின்றுவிட்டேன்.

எண் தருவதில் இரண்டும் ஒன்றுதான். கணக்கைச் சேர்க்கும்போது ஸ்கேன் செய்யும் கியூஆர் கோடில் வரும் ரகசியச் சாவி, போனின் கடிகாரம், இரண்டையும் சேர்த்து 30 நொடிக்கு ஓர் எண். நெட் வேண்டாம், காசும் வேண்டாம்.

கேள்வியே அந்தச் சாவி போனுக்கு வெளியே எங்கே இருக்கிறது என்பதுதான். கூகுளில் 2023 முதல் கூகுள் கணக்கோடு சிங்க் ஆகிறது. புது போனில் லாகின் செய்தால் எல்லாம் வந்துவிடும். ஆனால் அந்த லாகினுக்கே எண் கேட்டால்? பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை. சிங்க் வேண்டாமென்றால் கியூஆர் காட்டி மாற்றலாம், அதற்குப் பழைய போன் உயிரோடு இருக்க வேண்டும்.

ஏஜிஸ் எல்லாவற்றையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஒரே ஃபைலாகத் தருகிறது. ஆட்டோ பேக்கப்பை ஆன் செய்தால், புதுக் கணக்கு சேர்க்கும்போதெல்லாம் நாம் சொன்ன ஃபோல்டரில் புதுப் பிரதி விழும். அதை பென்டிரைவில் போட்டு, வீட்டில் சும்மா கிடந்த டேப்லெட்டில் இம்போர்ட் செய்து பார்த்தேன். இரண்டு திரையிலும் ஒரே எண், ஒரே நொடியில் மாறியது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். பூட்டாமல் எக்ஸ்போர்ட் செய்யும் வசதியும் உண்டு, அந்தப் பக்கம் போக வேண்டாம். பாஸ்வேர்டு மறந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது. என்னுடையது ஒரு தாளில், ரேஷன் கார்டு உறைக்குள்.

அம்மாவுக்கு மட்டும் கூகுள்தான் போட்டுக்கொடுத்தேன், சிங்க்கோடு. ஃபைல், பென்டிரைவ் எல்லாம் அவருக்கு ஆகாது. அவசரக் கோடுகளை அச்செடுத்து அவர் பர்ஸில் வைத்தாயிற்று.

ஏஜிஸ் ஆண்ட்ராய்டில் மட்டும்தான். ஐபோன் வைத்திருக்கும் தங்கைக்கு என்ட்டே ஆத் என்ற இதே மாதிரி ஆப் போட்டிருக்கிறேன். பேக்கப்பைப் பூட்டியே சர்வரில் வைக்கிறது. இரண்டு வாரமாக ஒழுங்காக ஓடுகிறது, ஆனால் அவள் இன்னும் போனைத் தொலைக்கவில்லை.