எண்பதாம் நிலை வரை தெரியாத சண்டை

கில்டு வார்ஸ் 2 என்னும் இணையவழிக் கணினி விளையாட்டை நான் 2019-இல் வாங்கினேன். மாதச் சந்தா கிடையாது என்பது மட்டுமே காரணம். பெங்களூரு அல்சூரில் மாடி வீடு, இரவு ஒன்பதுக்கு மேல்தான் எனக்கென்று நேரம். சில வாரம் பொழுது போனால் போதும் என்று நினைத்தேன். ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் பாத்திரம் எட்டக்கூடிய உச்ச நிலை 80. 2012-இல் விளையாட்டு வெளிவந்ததிலிருந்து அதை உயர்த்தவே இல்லை. ஆனால் அந்த எண்பதைத் தொடும் வரை சண்டை என்று எதுவும் நடக்கவில்லை என்றே சொல்வேன். ஒன்றாம் எண் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டால் அடி தானாகவே விழுந்துகொண்டிருக்கும். ஒரு கையில் காபித் தம்ளரோடு பாதிக் கதையை முடித்திருக்கிறேன்.

இத்தனைக்கும் நான் எடுத்தது பூதங்களை ஆளும் மந்திரவாதி. தீ, நீர், காற்று, நிலம் என நான்கு (ஆகாயத்தை விட்டுவிட்டார்கள்), ஒவ்வொன்றிலும் ஐந்து மந்திரம். ஆக, கையில் இருக்கும் ஒரே கோலுக்கு இருபது. அவை ஒன்றோடொன்று சேரும் என்பது ஓராண்டு கழித்துத்தான் எனக்கு உறைத்தது. முதலில் நிலத்துக்கு மாறி, வெடிக்கச் சில விநாடி எடுக்கும் மந்திரத்தைத் தரையில் இட வேண்டும். அது வெடிப்பதற்குள் நீருக்கு மாறி, அதே இடத்தில் ஊற்றை எழுப்ப வேண்டும். ஊற்றுக்குள் வெடித்தால் சுற்றி நிற்பவர்களின் காயமெல்லாம் ஆறும். இது முதல் நாளிலிருந்தே என்னிடம் இருந்தது. தேவைப்படவில்லை, அதனால் தேடவில்லை. கடுமை இல்லாத இடத்தில் ஆழம் கண்ணில் படுவதே இல்லை.

2015-இல் விளையாட்டோடு புதிதாகச் சேர்ந்த முதல் விரிவாக்கத்தின் காட்டுக்குள் நுழைந்தபோதுதான் காபித் தம்ளரைக் கீழே வைத்தேன். அங்கே சிறிய டைனோசர்கள் உண்டு. தனியாகப் பார்த்தால் கோழிக்குஞ்சு, ஒரே அடியில் செத்துவிடும். கூட்டமாக வந்து காலைச் சுற்றினால் மூன்று நான்கு விநாடியில் நாம் தரையில் கிடப்போம். பெரிய அரக்கர்களைச் சாய்த்தவன் குஞ்சுகளிடம் திரும்பத் திரும்பச் செத்தேன். ஒவ்வொன்றாகக் குறிவைத்ததுதான் தவறு. பரவலாக விழும் மந்திரம் ஒன்று போதும். ஏன் செத்தோம் என்பது புரிந்துவிட்டால் கோபம் வராது.

உருண்டு விலகுவதுதான் இங்கே உயிர். தொடர்ந்து இரண்டு முறை உருளலாம். அதன்பின் அடுத்த உருளலுக்குப் பத்து விநாடி காத்திருக்க வேண்டும். உருளும் முக்கால் விநாடிக்கு எந்த அடியும் படாது. எங்கள் பக்கம் உதைப்பதும் இங்கேதான். சீனாவுக்கெனத் தனியாக உள்ளதை விட்டால், சர்வர்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டுமே. ஐரோப்பாவைத் தேர்ந்தெடுத்தும் எனக்குப் பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம், 180 மில்லி விநாடியை ஒட்டித்தான் நிற்கிறது. முக்கால் விநாடியில் ஏறக்குறைய கால்பங்கு கடலுக்கு அடியிலேயே போய்விடுகிறது. அரக்கன் கையை ஓங்கிய பிறகு உருண்டால் தாமதம். தோள் அசையும்போதே உருள வேண்டும். அதைப் பழகவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

ரெய்டு என்னும் பத்துப் பேர் சண்டைக்கு என் அத்தை மகன்தான் இழுத்துப்போனான். ஐரோப்பாவில் இரவு எட்டு என்றால் குளிர்காலத்தில் நமக்கு 12.30. முதல் எதிரியான பள்ளத்தாக்குக் காவலனை எட்டு நிமிடத்துக்குள் வீழ்த்தாவிட்டால் வெறி பிடித்து எல்லோரையும் அழித்துவிடும். இடையில் இரண்டு முறை மூன்றாகப் பிரியும். அதில் சிவப்பைத் தீ, நஞ்சு போன்ற மெல்லக் கொல்லும் காயங்களால் மட்டுமே வீழ்த்த முடியும். தரையில் பச்சை வட்டம் தோன்றினால் நான்கு பேர் ஓடிப்போய் அதில் நிற்க வேண்டும், ஒருவர் குறைந்தாலும் பத்துப் பேருக்கும் பலத்த அடி. நீல வட்டத்தில் நின்றால் வேறெங்கோ தூக்கி எறியப்படுவோம்.

முதல் இரவு பதினோரு தோல்விகள். கடைசி முயற்சியில் என்னை மறந்து, "பச்சை! பச்சை! ஓடு!" என்று கத்திவிட்டேன். உள்ளறையிலிருந்து அம்மா, "அர்த்தராத்திரியில் எந்த சிக்னலடா?" என்றார். சிரித்ததில் நான் நீல வட்டத்தில் நின்றுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து வீழ்த்தும் நிலைக்கு வந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் போனது. கணினி யூபிஎஸ்ஸில் ஓடியது. ரவுட்டரை அதில் மாட்ட மறந்திருந்தேன். என் இருக்கையில் யாரும் இல்லாமலே ஒன்பது பேர் காவலனை முடித்துவிட்டார்கள்.

குறையும் உண்டு. ஐம்பது பேர் சேர்ந்து அடிக்கும் திறந்தவெளிச் சண்டையில் ஒளிப்பொறிகள் தீபாவளி வாணம்போல் எதிரியை மூடிவிடும். தோள் அசைவதெங்கே பார்ப்பது! இதேபோன்ற இன்னொரு இணைய விளையாட்டான ஃபைனல் ஃபேன்டசி 14-ஐயும் சில மாதம் ஆடிப் பார்த்தேன். அடிப்படைத் தாக்குதலுக்கு 2.5 விநாடி இடைவெளி, சண்டை மனப்பாடம் செய்த நடனம்போல் நகரும். எங்கள் பிங்கிற்கு அது கொஞ்சம் இரக்கமானது. ஆனாலும் ஊற்றும் வெடிப்பும் சேரும் அந்த நொடிக்காக இங்கேயே திரும்பிவிட்டேன்.

பெங்களூருவிலிருந்து தொடங்குபவர்கள் ஐரோப்பிய சர்வரை எடுங்கள். எண்பதுக்குப் பிறகு ஃப்ராக்டல் என்னும், ஐந்து பேர் ஆடும் சிறு சண்டைக் களங்களின் கீழ்ப்படிகளில் பழகுங்கள். நூறு படி இருக்கிறது, அவசரமில்லை. ரவுட்டரை யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். அத்தை மகன் இன்னும் பச்சை வட்டத்துக்குக் கடைசி ஆளாகத்தான் வருகிறான்; அவன் வீட்டில் பிங் 150, என்னைவிடக் குறைவு.