துப்பாக்கி ரேஞ்சில் முதல் வகுப்பு: 5க்கு 3.5

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், துப்பாக்கி வாங்கும் எண்ணம் எனக்குக் கிடையாது. டாலஸுக்கு வடக்கே குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் என் எட்டு வயது மகளை வகுப்புத் தோழி வீட்டில் இரவு தங்கக் கூப்பிட்டார்கள். நல்ல குடும்பம்தான், ஆனால் அவர்கள் டிரக்கின் பின்கண்ணாடி முழுக்கத் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர். "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா" என்று கேட்கலாமா, கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. சரி, பயப்படுகிற பொருளை ஒரு தடவை தொட்டாவது பார்ப்போம் என்று பக்கத்து ரேஞ்சில் (துப்பாக்கி சுட்டுப் பழகும் கூடம்) புதியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். 85 டாலர், இரண்டரை மணி நேரம்.

விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும். முதல் நாள் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிரீன் கார்டு இருந்தால் பிரச்சினை இல்லை. ஹெச்1பி மாதிரி தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம், ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் அடக்கம். விதிவிலக்கு என்ன தெரியுமா? செல்லுபடியாகும் வேட்டை உரிமம்! பணம் கட்டும்போது இணையதளத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது, கவுண்டரில் நீட்டிய படிவத்தில்தான் கேட்டார்கள். ஆக, வால்மார்ட்டில் 25 டாலர் கொடுத்து வேட்டை உரிமம் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் போனேன். இத்தனைக்கும் இதே டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி தடை இல்லாத, 21 வயது நிரம்பிய ஆள் உரிமமே இல்லாமல் இடுப்பில் பிஸ்டல் செருகிக்கொண்டு தெருவில் நடக்கலாம். எனக்கு மட்டும் மான் வேட்டைச் சீட்டு.

வகுப்பு எடுத்தவர் எழுபதை நெருங்கும் பெரியவர். முதல் ஒரு மணி நேரம் தோட்டாவையே கண்ணில் காட்டவில்லை. கையில் ஒரு நீல பிளாஸ்டிக் பொம்மைத் துப்பாக்கி, வாயில் நான்கே விதி: எந்தத் துப்பாக்கியும் தோட்டா நிரப்பப்பட்டதுதான் என்று நினை, சுட விரும்பாத எதையும் நோக்கி நீட்டாதே, குறி பார்த்து முடிக்கும்வரை விரலை விசையில் வைக்காதே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். நான் ஏதோ கேட்கத் திரும்பியபோது பொம்மையின் முனையும் என்னோடு சேர்ந்து திரும்பிவிட்டது. மனிதர் பேச்சை நிறுத்தி, என் மணிக்கட்டைத் தரையைப் பார்க்க இறக்கிவிட்டு, அப்புறம்தான் பதில் சொன்னார். கத்தவில்லை, சிரிக்கவும் இல்லை.

கடை வாசல்களில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் நீளமாக எழுதி 30.06 என்று ஒரு எண் போட்டிருப்பார்களே, தீயணைப்பு விதி ஏதோ என்று நான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில்தான் தெரிந்தது: துப்பாக்கி எடுத்துச்செல்லும் உரிமம் வைத்திருப்பவர்கூட மறைத்து வைத்த கைத்துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்று அர்த்தமாம்! வெளியே தெரிய வைத்திருப்பவர்களுக்கு 30.07.

அப்புறம் உள்ளே. காதுக்குள் ஃபோம் அடைப்பான், அதற்கு மேல் காதையே மூடும் மஃப், இரண்டும் போட்டும் பக்கத்து லேனில் யாரோ ரைஃபிள் சுட்டபோது சத்தம் நெஞ்சில்தான் விழுந்தது. முதலில் பாயிண்ட் 22 என்ற சின்னத் தோட்டா, பிறகு அதைவிடப் பெரிய 9 எம்எம். மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) ஏழாவது தோட்டாவை அழுத்தும்போதே கட்டைவிரல் வலித்தது. நான் சுட்டதெல்லாம் வட்டத்துக்குக் கீழே, இடது பக்கம். பெரியவர் மேகசினை வாங்கி, எனக்குத் தெரியாமல் நடுவில் ஒரு போலித் தோட்டாவைக் கலந்து கொடுத்தார். மூன்றாவது முறை 'டிக்' என்று மட்டும் சத்தம், ஆனால் என் கை தானாகக் கீழே குனிந்தது. வெடிக்காத துப்பாக்கிக்கே கை பயந்துபோனதை என் கண்ணாலேயே பார்த்தேன். 85 டாலரில் பாதி அந்த ஒரு நொடிக்கே சரியாகப் போயிற்று.

குறைகள். வாடகை மஃப் தொளதொள. காற்றோட்டம் போதாது, வீட்டுக்கு வந்தும் தலைமுடியில் வெடிமருந்து வாசனை. தோட்டாவை அங்கேயேதான் வாங்க வேண்டும், வெளிக்கடையைவிட விலை கூடுதல். கடைசி இருபது நிமிடம் வேறொரு ஆள் வந்து "வீட்டில் நீங்கள் தனியாக இருக்கும்போது யாராவது நுழைந்தால்" என்று ஆரம்பித்து உறுப்பினர் திட்டத்தில் முடித்தார். பயத்தைக் காட்டி விற்கிற அந்தப் பேச்சு எரிச்சலாக இருந்தது. ஊரில் பேங்க் வாசல் காவலாளி தோளில் தொங்கியதைத் தவிர வேறு துப்பாக்கியை அருகில் பார்த்திராத எனக்கு, இங்கே இடுப்பில் பிஸ்டலோடு பில் போட்ட பெண்கூட அவ்வளவு உறுத்தவில்லை.

வீட்டில் எப்படிப் பூட்டி வைப்பது என்பதைப் பாடத்தில் ஐந்து நிமிடத்தில் ஓட்டிவிட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டும் என்று பெரியவரை ஓரமாகப் பிடித்துக் கேட்டேன். கவனக்குறைவாக வைத்து, குண்டு நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் கைக்குப் போனால் இங்கே வைத்தவர் மீதே வழக்கு வரும் என்றார். "வேர்க்கடலை அலர்ஜி பற்றிச் சொல்வாய் இல்லையா, அதே குரலில் கேள். பொறுப்பானவர்கள் கோபப்பட மாட்டார்கள்" என்றார்.

அன்று மாலையே போன் செய்தேன். தோழியின் அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இரண்டு பிஸ்டல், கணவரின் வேட்டை ரைஃபிள்கள், எல்லாம் சேஃபில், எண் பெரியவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும், வந்து பாருங்கள் என்றார். போய்ப் பார்த்தேன். மகள் தங்கினாள்.

புதியவர்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் சொல்வேன், உறுப்பினர் பேச்சு தொடங்கும்போது கிளம்பிவிடுங்கள். கழுத்து மூடிய சட்டை அவசியம். சுடச்சுடத் தெறித்த ஒரு தோட்டா உறை என் காலருக்குள் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. வெளியே வந்ததும் எதையும் சாப்பிடுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கை கழுவுங்கள், விரலில் ஈயத் தூள் ஒட்டியிருக்கும்.